பட்டறையும் பல்கலைக்கழகமும் ஒரே படியில்

ஜெர்மனியில் தச்சு, மின்பணி, ரொட்டித் தயாரிப்பு போன்ற தொழில்களில் உயர்நிலைத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு ‘மைஸ்டர்’ என்ற தகுதி கிடைக்கிறது. பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர் நிற்கும் அதே படியில்தான் மைஸ்டரும் நிற்கிறார். இரண்டு தகுதிகளுக்கும் அந்நாட்டு அரசு தந்திருக்கும் படிநிலை 6. கைத்தொழிலுக்கு இப்படியொரு மதிப்பு எழுத்தில் பதிவானதற்குப் பின்னால் இருப்பது, ஐரோப்பியத் தகுதிச் சட்டகம்.

நாட்டுக்கு நாடு பள்ளி வேறு, தேர்வு வேறு, சான்றிதழின் பெயரும் வேறு. ஒரு நாட்டில் வாங்கிய சான்றிதழின் மதிப்பை இன்னொரு நாட்டு முதலாளியோ கல்லூரியோ எப்படிப் புரிந்துகொள்வது? இதற்காகத்தான் 2008-ல் 8 படிநிலைகள் கொண்ட பொதுச் சட்டகத்தை ஐரோப்பிய ஒன்றியம் உருவாக்கியது. 2017-ல் அது திருத்தப்பட்டது. எத்தனை ஆண்டு படித்தார், எங்கே படித்தார் என்பதை அது அளப்பதில்லை. படித்து முடித்தவருக்கு என்ன தெரியும், என்ன செய்யத் தெரியும், எந்த அளவுக்குப் பொறுப்பேற்றுத் தானே முடிவெடுக்க முடியும் என்ற மூன்றையும்தான் பார்க்கிறது.

இதற்காக எந்த நாடும் தன் கல்விமுறையைக் கலைக்கவில்லை. அயர்லாந்தின் சட்டகத்தில் 10 படிகள், ஐஸ்லாந்தில் 7, ஜெர்மனியில் 8. தன்னுடைய எந்தப் படி ஐரோப்பியச் சட்டகத்தின் எந்தப் படிக்கு இணை என்பதை ஒவ்வொரு நாடும் காரணங்களோடு அறிக்கையாக எழுதி, மற்ற நாடுகளின் பிரதிநிதிகள் முன் வைக்க வேண்டும். அயர்லாந்தில் 10-வது படியில் இருக்கும் முனைவர் பட்டம் ஐரோப்பியக் கணக்கில் 8-வது படி.

படி பிரிப்பதில் மோதலும் வந்தது. ஜெர்மனியின் பல்கலைக்கழக நுழைவுத் தகுதியான ‘அபிட்டூர்’ பள்ளிச் சான்றிதழை 5-வது படியில் வைக்க வேண்டும் என்று கல்வி அமைச்சர்கள் விரும்பினார்கள். மூன்று, மூன்றரை ஆண்டுத் தொழிற்பயிற்சிக்கு 4-வது படிதான் என்றால் அது கைத்தொழிலாளரைத் தாழ்த்துவதாகும் என்று தொழில் அமைப்புகள் எதிர்த்தன. உடன்பாடு எட்டாததால், 2012-ல் பள்ளிச் சான்றிதழ்களைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். 2017-ல் அபிட்டூரும் 4-வது படிக்கே வந்தது.

வெறும் எண்ணோடு ஜெர்மனி நின்றுவிடவில்லை என்பதே இதில் முக்கியம். அபிட்டூர் இல்லாத மைஸ்டர்களும் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று 2009-லேயே மாநிலக் கல்வி அமைச்சர்கள் முடிவெடுத்திருந்தார்கள். கதவு திறந்திருந்ததால்தான் 6 என்ற எண்ணுக்கு அங்கே பொருள் இருக்கிறது.

இந்தியாவிலும் 2013-ல் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் வந்தது. முதலில் 10 படிகள். 2023-ல் அவை 8 ஆயின. ஆனால், படி எண் ஒன்றாக இருப்பதாலேயே ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஐரோப்பாவுக்குள்ளேயே இதுதான் நிலை. ஜெர்மனியில் 2012 முதல் நடைமுறையில் உள்ள அங்கீகாரச் சட்டப்படி, வெளிநாட்டில் கற்ற தொழிலை ஜெர்மானியத் தொழில் ஒன்றின் பாடத்தோடும் பயிற்சியோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். குறை இருந்தால் பணி அனுபவத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதன் பிறகும் குறை இருந்தால், கூடுதல் பயிற்சியால் ஈடுகட்டலாம்.

ஆகவே தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) படிப்பை முடித்து ஜெர்மனி செல்ல நினைக்கும் இளைஞர்கள் சான்றிதழை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. படித்த பாடங்கள், செய்முறைப் பயிற்சி நேரம், பணி அனுபவம் ஆகியவற்றுக்கான ஆவணங்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். நம் அரசுகள் செய்ய வேண்டியது இன்னும் பெரியது. ஐ.டி.ஐ.யில் தொடங்கும் ஒருவர் தன் தொழிலை விடாமலே பட்டம்வரை உயர வழி செய்யுங்கள். அந்த வழி அமையாதவரை, படிநிலை எண் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.