சேய்க்கு வேண்டுவனவும் வேண்டாதனவும்

ஊரில் மகப்பேறு என்றால் பாட்டி பழஞ்சேலைகளோடு வந்து நிற்பார். மும்பையிலும் தில்லியிலும் ஓரறைக் குடியிருப்பில் வாழும் நமக்கோ, யோசனை கூறக் கடைக்காரரே மிஞ்சுகிறார். அவர் காட்டும் பொருள்கள் யாவும் இன்றியமையாதன அல்ல.

முதலில் வேண்டுவன மெல்லிய பருத்தித் துணிகளும், தட்டையான, அமுங்காத படுக்கையுமே. குழந்தையை மல்லாக்கக் கிடத்துக, தலையணை வேண்டா. சேலைத் தூளி, பகலில் பெரியவர் கண்பார்வையில் மட்டும் ஆடட்டும்.

பால்புட்டி வாங்க விரையற்க. முதல் ஆறு திங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். புட்டிக்கும் பால்மாவுக்கும் விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் புகட்ட, கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்த பாலாடை போதுமே!

அறவே விலக்கத்தக்கது, குழந்தையை நடுவில் அமர்த்தி உருளவிடும் ‘வாக்கர்’. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபடவே வழி செய்யும். கனடா நாடு 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. குழந்தை தானே நின்று தள்ளும் நம் மர நடைவண்டி வேறு. நிற்கப் பழகியபின், சமதரையில், பெரியவர் துணையோடு அதனைத் தரலாம்.

கார் வைத்திருப்போர் சிக்கனம் பார்க்கலாகாத பொருள் ஒன்றுண்டு: குழந்தைக்குரிய பாதுகாப்பு இருக்கை. வண்டி மோதுங்கால் மடியிலிருக்கும் மகவை எக்கையாலும் பற்றி நிறுத்த இயலாது.

எஞ்சும் பணம், பாட்டியை ஊரிலிருந்து அழைத்துவரும் இரயில் கட்டணமாகட்டும். அவரினும் சிறந்த துணை எக்கடையிலும் கிடையாது.