ராமேஸ்வரம் போறீங்களா? ஹேர் கலர் அப்புறம்!

ராமேஸ்வரம் ட்ரிப் போட்டோவுக்காக வீட்டிலேயே ரெண்டு ஹேர் கலரைக் கலக்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. செமி பெர்மனென்ட் கலர் பெரும்பாலும் முடியின் மேற்புறத்தில்தான் ஒட்டியிருக்கும். அலச அலசக் கரையும். அக்னி தீர்த்தக் கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியா தலையில் ஊத்தினா என்ன மிஞ்சும்?

ஊர் திரும்பினதும் நிதானமா கலக்குங்க. கறுப்பு முடியில் இந்தக் கலர் பளிச்னு தெரிய முதலில் ப்ளீச் பண்ணணும். ப்ளீச் பண்ணின முடி மஞ்சளடிக்கும். அதுமேல வெறும் ப்ளூ போட்டா... பச்சை! ப்ளூவோட கொஞ்சம் பர்ப்பிள் சேர்த்தா தப்பிக்கலாம். வெளிர் நிறம் வேணுமா? வெள்ளை கண்டிஷனர் கலந்துக்கோங்க. அலர்ஜி இருக்கான்னு 48 மணி நேரம் முன்னாடியே தோலில் துளி தடவிப் பாருங்க. பிறகு, காதுக்குப் பின்னால ஒரு கற்றையில் மட்டும் ட்ரையல்.

ஏற்கெனவே போட்டாச்சா? அப்போ வெள்ளைத் துண்டை வீட்டுலயே வச்சுட்டுப் போங்க!