லீவு விட்டாச்சு... செல்போனை எப்போது கொடுப்பது?

மே மாதம். மத்தியானம் இரண்டு மணி. பாளையம்பட்டித் தெருவில் ஒரு காக்கா குருவி இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் மண் தோசைக்கல்லாகக் காய்கிற நேரம். இப்போது ஏதாவது ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். ஃபேனுக்கு அடியில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்தபடி ஒரு வாண்டு செல்போனில் எதிரிகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும். "டேய் தம்பி, போதும் வைடா!" என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட, "இருங்கம்மா, இந்த ஒரு லெவல்தான்!" என்று பதில் வரும். அந்த ஒரு லெவல் சாயங்காலம் ஆறு மணிக்கும் முடியாது.

"அந்தக் காலத்திலே நாங்கள்லாம்..." என்று ஆரம்பிக்கிற அப்பாக்களே, கொஞ்சம் பொறுங்கள். டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ராத்திரி பூரா மூன்று படம் பார்த்தது யாராம்? டி.வி.யில் மாட்டுகிற கேசட் கேமில் மரியோவைத் தாண்டிக் குதிக்க வைத்துச் சோறு தண்ணீர் மறந்தது யாராம்? ஆசை பழசுதான். ஒரே வித்தியாசம், வாடகை டெக் விடிந்ததும் கடைக்குத் திரும்பிவிடும். செல்போன் தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது.

லீவில் கேம் ஆடுவது குற்றமில்லை. ஆடுகிற பிள்ளையெல்லாம் அடிமையும் இல்லை. கேள்வி, எந்த நேரத்தில், எவ்வளவு என்பதுதான்.

முதலில் கண். சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போலக் கண் சிமிட்டுகிறோம். கேமில் மூழ்கினால் இது வெகுவாகக் குறைந்துவிடும். கண் காய்ந்து, எரிந்து, சிவந்துபோகும். அதனால்தான் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் டாக்டர்கள். வாசலுக்கு வந்து எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்த்தால் போதும், கணக்கு சரியாகிவிடும். போன் முகத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளியிருக்கட்டும். படுத்துக்கொண்டு வேண்டாம்.

இன்னொரு விஷயம். கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் வெளி வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தைவான் நாட்டில் 2010 முதல், பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிஷம் வெளியே இருக்க வைக்கும் திட்டம் நடக்கிறது. ஆனால், நம்ம ஊர் வெயிலில் பிள்ளையை இரண்டு மணி நேரம் வெளியே விடு என்றால் பெற்ற வயிறு பதறத்தானே செய்யும்? பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள் என்று அரசாங்கமே ஒவ்வொரு கோடையிலும் எச்சரிக்கிறது.

இங்கேதான் சின்ன தந்திரம். நம்மில் பல பேர் காலையில் வேலை நடக்கட்டும் என்று போனைக் கொடுத்துவிடுகிறோம். மத்தியானம் பிடுங்குகிறோம். பிள்ளை வெயிலில் ஓடுகிறது. ராத்திரி தூங்க மறுக்கிறதென்று மறுபடி கொடுக்கிறோம். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். காலை ஆறிலிருந்து எட்டு, எட்டரை வரை வெளியே. வற்றிய கண்மாய்தான் இருக்கவே இருக்கிறதே, அதைவிடப் பெரிய கிரிக்கெட் கிரவுண்ட் எது? சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மறுபடி. நடுவில் அனல் அடிக்கிற நேரத்தில், சாப்பிட்ட பிறகு, ஒரு மணி நேரம் கேமோ படமோ பார்க்கட்டும். நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் பிடுங்கினால் சண்டைதான் மிச்சம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போன் அலமாரிக்குள் போய்விட வேண்டும். உங்கள் போனும்தான்!

இருட்டறையில் டி.வி. பார்ப்பதும் வேண்டாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில், போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்ட காட்சியைப் பார்த்து 600 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரும்பாலும் குழந்தைகள். வலிப்பு வந்த பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கேம் கொடுங்கள்.

தியேட்டருக்குப் போகிறீர்களா? போஸ்டரில் சர்ட்டிபிகேட்டைப் பாருங்கள். மொத்தமாக யு/ஏ என்றிருந்ததை 2024-ல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அந்தச் சத்தம் அதன் காதுக்கு ஆகாது.

பணம் விஷயத்தில் கறாராக இருங்கள். கேமுக்குள் துப்பாக்கி வாங்குகிறேன், சட்டை வாங்குகிறேன் என்று அம்மாவின் அக்கவுண்டைக் காலி செய்துவிட்டு முழிக்கிற பிள்ளைகள் உண்டு. ரகசிய எண் அவர்களுக்குத் தெரியவே கூடாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது.

எப்போது பயப்பட வேண்டும்? ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை, சாப்பாடு, குளியல், சிநேகிதர்கள் எல்லாம் பின்னுக்குப் போகிறது, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறது. இப்படியே ஒரு வருஷம் போல நீடித்தால் அதை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பட்டியலில் சேர்த்தது. ஒரு வருஷம் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசம், தமிழிலேயே பேசலாம். அடித்துத் திருத்த நினைக்காதீர்கள்.

கிணற்றில் குளிக்கக் கேட்டால்? நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இறங்கினால் மட்டும் சரி என்று சொல்லுங்கள். "அண்ணன் பார்த்துப்பான்" என்ற பேச்சே கூடாது. அண்ணனுக்கு வயது பன்னிரண்டுதான் இருக்கும்!

அப்பத்தா வீட்டில் பரணில் பல்லாங்குழி கிடந்தால் இறக்கித் தரச் சொல்லுங்கள். நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் தோண்டியபோது சுடுமண் ஆட்டக்காய்களே கிடைத்தன, அவ்வளவு பழைய பழக்கம். மல்லிகைப் பூவை விரலில் நார் சுற்றித் தொடுக்கக் கற்றுக்கொடுங்கள், பையன்களுக்கும்தான். போன் தட்டித் தட்டி வலிக்கிற கட்டைவிரலுக்கு அது வேறு வேலை.

இப்போது நுங்கு சீஸன். சுளையைத் தின்ற பிறகு கூட்டை எறியாதீர்கள். ஒரே அளவில் இரண்டு கூடு, நடுவில் செருக ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு. நுங்கு வண்டி ரெடி. முதல் வண்டியை அப்பா செய்து காட்டட்டும். இரண்டாவதைப் பிள்ளையே செய்துவிடும். வெயில் தாழ்ந்ததும் தெருவில் பந்தயம் வைத்துக்கொள்ளலாம்.