போடி மலைப்பாதையும் புதிய துணைக்கருவிகளும்

மதுரையினின்றும் மேற்கு நோக்கிச் செல்வோர், தேனியைக் கடந்து போடிநாயக்கனூரை அடைந்ததும், வழியை மறித்து நிற்கும் நெடுமதில்போல மேற்குத் தொடர்ச்சி மலையைக் காண்பர். அம்மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சரிவுகளில் ஏலக்காய் விளைகின்றது. விளைந்த காயில் ஒரு பெரும்பகுதி கீழே போடிக்கு வந்து விலை கூறப்படுகின்றது. ஏலத்தை ஏலமிடும் ஊர் என்று இதனை வேடிக்கையாகச் சொல்லலாம். ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே உள்ளது கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாகும். போடி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்திலுள்ளது. எல்லையாகிய போடிமெட்டோ 1,300 மீட்டருக்கும் மேல். முந்தல் என்னுமிடத்தில் தொடங்கும் ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள. முற்காலத்தில் மூணாற்றுத் தேயிலை மலையுச்சியினின்றும் கொட்டகுடிப் பக்கமாகக் கம்பியிலே தொங்கி இறங்கியதுண்டு. அதற்குச் சாரதி வேண்டியதில்லை. இப்பாதைக்கோ சாரதியே முதல்.

இக்காலத்து மோட்டார் வண்டிகளில் சாரதிக்கு உதவியாகப் பலவகைக் கருவிகள் அமைக்கப்பட்டு வருகின்றன. அவற்றைப்பற்றி வண்டியோட்டிகள் கொண்டுள்ள அபிப்பிராயங்கள் ஒன்றோடொன்று பொருந்துவனவல்ல. இம்மலையடியில் அவர்தம் சொற்களைக் கேட்கவும், ஒருமுறை அக்கருவியின் செயலை நேரிற் காணவும் எமக்கு வாய்த்தமையால், அவற்றை ஈண்டு எழுதலாயினோம்.

அக்கருவிகள் யாவை என்பதை முதலில் அறிதல் வேண்டும். முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தே, மேலே ஒரு சிறு காமிராவும், முன்புறத் தாங்கியின் அருகே ஒரு ரேடாரும் பொருத்தப்பட்டிருக்கும். காமிரா சாலையின் கோடுகளையும், வண்டிகளையும், மனிதரையும் இனங்காணும். ரேடார் மின்காந்த அலைகளை விடுத்து, அவை முன்னுள்ள பொருளிற் பட்டுத் திரும்புங்கால், அப்பொருளின் தூரத்தையும் அஃது நெருங்கும் வேகத்தையும் அறியும். இவ்விரண்டின் செய்தியையும் கொண்டு ஒரு கணக்குக் கருவி சாரதிக்கு எச்சரிக்கை செய்யும். சில சமயங்களில் தானே பிரேக்கை அழுத்தும். அல்லது ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பும். முன்செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து இடைவெளியைக் காப்பது மற்றொரு தொழில். மோட்டார்ப் பொறியியலார்க்குரிய அமெரிக்கச் சங்கம் ஒன்று 2014-ல் இவற்றைப் 0 முதல் 5 வரை படிகளாக வகுத்தது. இந்தியாவில் 2020-ல் எம்.ஜி. குளோஸ்டரும், 2021-ல் மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700-உம் இவ்வகைக் கருவிகளுடன் வெளிவந்தன. இவை எட்டியிருப்பது 1, 2 ஆகிய கீழ்ப்படிகளையே. அப்படிகளில் கை ஸ்டியரிங்கிலும் கண் சாலையிலும் இருத்தல் வேண்டும். பொறுப்பு முழுதும் சாரதியினுடையதே.

வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவியைக் கண்டுபிடித்தவர் ரால்ப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலார். அவர் இளமையிலேயே கண்பார்வையை இழந்தவர். தம்மை அழைத்துச் சென்ற வக்கீல் பேசும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கியும், கேட்கும்போதெல்லாம் விரைவாக்கியும் ஓட்டியதால் உண்டான எரிச்சலே அதற்குத் தூண்டுதல் என்பர். இக்காலத்துத் துணைக்கருவிகளின் முன்னோனை ஆக்கியவர் வண்டியோட்டவியலாத ஒரு பிரயாணி என்பது எமக்கு வியப்பளித்தது.

நிற்க. சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாட்காலை, நண்பர் ஒருவரது புதிய வண்டியில் யாம் மலையேறினோம். வழி நனைந்திருந்தது, மேல்வளைவுகளில் மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவை அணுகுகையில், எதிரே கீழிறங்கிய பேருந்து, நீளமான வண்டிகள் யாவும் செய்வது போலவே, வளைவின் அகலம் முழுவதையும் வாங்கித் திரும்பிற்று. உடனே எம் வண்டி ஓர் ஓசையிட்டுத் தானே பிரேக் பிடித்து, ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது. எமக்குப் பின்னே தோட்டக் கூலிப்பெண்டிரை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது. அஃது எம் வண்டியின் பின்புறத்துக்கு ஒரு சாண் தொலைவில் நின்றது. ஜீப்பினுள் எழுந்த கூக்குரல் இன்னும் எம் காதில் ஒலிக்கின்றது.

இந்நிகழ்ச்சி ஒன்றே, ஆயின் போடிமெட்டுத் தேநீர்க்கடையில் இறங்கியபின் அதைப்பற்றி இருவர் கூறியன இரண்டு. எம் நண்பர் கூறியது: “நான் பனியில் பேருந்தைக் காணுமுன் வண்டி கண்டது. ஒரு வினாடி பிந்தியிருந்தால் என் கதி என்ன?” ஜீப்பின் சாரதி ஐம்பது வயதைக் கடந்தவர், சினமின்றி, ஆனால் அழுத்தமாகவே பேசினார். “சார், அந்த பஸ்காரர் ஹாரன் அடிச்சது உங்களுக்குக் கேக்கலையா? அவரு சுத்தி வருவாரு, நாம ஓரமா ஒதுங்கி, ஊர்ந்துக்கிட்டே இருக்கணும். வளைவுக்குள்ள நிக்கவே கூடாது. நின்னா பின்னாடி வர்றவன் எங்க போவான்?”

கண்ணாடிக் கதவுகளை மூடிக்கொண்டு பேச்சிலே ஈடுபட்டிருந்த யாம் ஹாரனைக் கேட்கவில்லை என்பது உண்மை.

இவ்விருவரில் யார் சொல் சரி? இருவர் சொல்லும் சரியே என்பது எம் கருத்து. ரேடார் தனக்கு நேரே உள்ளதைக் காண்பது. நேரான சாலையில் நேரே உள்ள பொருளே மோதற்குரிய பொருள். கொண்டை ஊசி வளைவிலோ வண்டியின் மூக்கு நோக்கும் திசையில் இருப்பது பாறையோ, தடுப்புச் சுவரோ, எதிர்த் தடத்தில் வரும் வண்டியோ ஆகும். வண்டி செல்லப்போகும் வழி பக்கவாட்டில் மறைந்து கிடக்கும். ஆதலால் மோதாத பொருளை மோதும் பொருளெனக் கொள்ளும் பிழை வளைவில் எளிதில் நேரும். அன்றியும் முன்னே பிரேக் பிடிக்கும் கருவி, பின்னே யார் வருகின்றார் என்பதைப் பொதுவாகக் கணக்கிற் கொள்வதில்லை. ஆயினும் பனியில் மனிதக்கண்ணும் காமிராவும் மங்கும்போது ரேடார் அவ்வளவு மங்குவதில்லை. அந்த அளவில் நண்பர் கூற்றும் மறுக்கற்பாலதன்று. பின்னிருந்து மோதும் விபத்துக்களைத் தானியங்கிப் பிரேக் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்ததென்று, அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டிருக்கின்றது. அக்கணக்கு எடுக்கப்பட்ட சாலைகள் வேறு; முந்தல் ஏற்றம் வேறு.

மதுரையினின்றும் மூணாற்றுக்குப் பிரயாணிகளைக் கொண்டுசெல்லும் வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் நடுவழியைக் கைக்கொண்டிருந்தார். நான்கு வழிச்சாலையில், நள்ளிரவுக்குப்பின் கண் செருகும் வேளையில், கோட்டை விட்டு விலகியதும் ஸ்டியரிங்கை அதிரச்செய்யும் கருவி தம்மை இருமுறை எழுப்பியதாகச் சொன்னார். எனினும் முந்தலை அடைந்ததும் அணைக்கக் கூடியன யாவற்றையும் அணைத்துவிடுவாராம். “மலையிலே அதுவும் கத்தும், பின்னாடி உக்காந்திருக்கிறவங்களும் கத்துவாங்க” என்று சிரித்தார். உண்மையில், கோடு காக்கும் கருவிகளிற் பல மணிக்கு 60 கிலோமீட்டரளவு வேகத்துக்குக் கீழே வேலை செய்வதேயில்லை. வளைவுகளில் 20 கிலோமீட்டரில் ஊரும் வண்டியில் அவை அணைக்காமலே உறங்குவன. இடைவெளி காக்கும் கருவியை மலையிற் பயன்படுத்துவதோ அறவே ஆகாது. முன்சென்ற வண்டி வளைவில் மறைந்ததும், வழி காலியாயிற்றென்று எண்ணி அது வேகத்தைக் கூட்ட முற்படும்.

எல்லாச் சாரதிகளும் ஒருமுகமாகப் புகழ்ந்த கருவிகளும் உண்டு. சறுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். ஒன்று, இஃது 1978-ல் ஜெர்மனியில் மெர்சிடிஸ் வண்டிகளில் வந்து, இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாயிற்று. மற்றொன்று, ஸ்டியரிங் திரும்பிய அளவுக்கு வண்டி திரும்பாவிடில் ஏதேனும் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்குவது. மூன்றாவது, ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்குள் வண்டி பின்னோக்கி உருளாதபடி, இரண்டு மூன்று வினாடி பிரேக் அழுத்தத்தைத் தானே பிடித்துவைப்பது. இம்மூன்றும் ஓசையிடுவனவல்ல; தாம் உதவியதைச் சாரதிக்குச் சொல்லிக் காட்டுவனவுமல்ல. சாரதிகளின் பூசல் முழுதும் கத்துகின்ற கருவிகளோடுதான் என்பதை யாம் அன்று கண்டுகொண்டோம்.

ஆயினும் அந்த ஜீப் சாரதி மூன்றாவது கருவியின்மேலும் ஒரு குறை கூறினார். அவருடைய உறவினர் மகன் புதிய காரில் ஓட்டக் கற்றவன். ஒருநாள் அவனிடம் பழைய ஜீப்பைக் கொடுத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது, பிரேக்கை விட்டுவிட்டு, வண்டி தானே நிற்குமென்று காத்திருந்தானாம். வண்டி பின்னே உருண்டது. சாலையோரம் நின்ற ஒருவர் சக்கரத்தின்கீழ்க் கல்லைத் தள்ளியதால் பிழைத்தான். கிளட்சையும் ஹேண்ட் பிரேக்கையும் இசைய விடும் வித்தையை அவன் கற்கவேயில்லை. கற்கவேண்டிய தேவையும் அவனுக்கு அதுவரை நேரவில்லை. தானியங்குதல் பற்றி 1983-ல் ஆராய்ந்தெழுதிய லிசேன் பெயின்பிரிட்ஜ் என்னும் அறிஞர், யந்திரம் வழக்கமான வேலைகளை மேற்கொண்டபின் மனிதனுக்கு எஞ்சுவது மிகக் கடினமான வேலையே என்றும், பழக்கமின்மையால் அதற்கு அவன் தகுதி குன்றியிருப்பான் என்றும் காட்டியுள்ளார். ஜீப் சாரதி அவ்வாராய்ச்சியை அறியார்; அறிந்தவர் போலவே பேசினார்.

ஜெர்மனியின் மூனிக் நகரத்தில் 1980-களில் வாடகைக் கார்களைக் கொண்டு நடத்திய சோதனை ஒன்றும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒரே கம்பெனியின் கார்களில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பொருத்தி, மற்றவற்றுக்குப் பொருத்தாது விட்டனர். விபத்துக்கள் குறையும் என்று எதிர்பார்த்தவர்க்கு ஏமாற்றமே கிட்டிற்று. கருவியுள்ள வண்டிகளை ஓட்டியவர்கள், கருவியை நம்பிக் கடுமையாக ஓட்டினார்கள். இதைக்கொண்டு கருவிகளை வெறுத்தல் பொருந்தாது. கியரை ஓசையின்றி மாற்றும் சிங்க்ரோமெஷ் 1928-ல் வந்தபின், கிளட்சை இருமுறை மிதித்துக் கியர் போடும் பழைய திறமை மெல்ல மெல்ல மறைந்தது. அதற்காக இன்று வருந்துவார் மிகச் சிலரே.

துணைக்கருவி என்பதே புதிது என்று எண்ணுதலும் தவறு. இம்மலையில் லாரிகளுக்குக் கிளீனர் என்றொருவர் உளர். வளைவில் லாரி பின்வாங்குங்கால் இறங்கி நின்று, “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுத்து, உடலைத் தட்டி ஒலியெழுப்பிப் பள்ளத்தின் விளிம்பை அறிவிப்பார். லாரி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். பின்புறக் காமிராவும், தூரம் அறிவிக்கும் ஓசையும், உருளாமற் பிடிக்கும் கருவியும் ஒருங்கே ஓர் ஆளாக நிற்பது போன்றது இது. இரவில் எதிர்வண்டியின் விளக்கொளி பாறையிற் படர்வதைக் கண்டு வண்டி வருமுன்பே ஒதுங்குதலும், வளைவுதோறும் ஹாரன் கொடுத்து மறுமொழிக்குக் காத்தலும், மேலேறும் வண்டிக்கு வழிவிடுதலும் இம்முறையைச் சேர்ந்தவையே. இறங்குவோர் ஏறுவோர்க்கு வழிவிடல் வேண்டுமென்பது சட்டத்திலும் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டுமென்பதை மலைச்சாரதிகள் வேதவாக்காகக் கொள்வர். என்ஜினே வண்டியைப் பிடித்திருக்க, பிரேக் சூடேறிப் பிடிப்பிழக்கும் ஆபத்து நீங்கும். கியர் மாற்றும் வேலையில்லாத புதிய வண்டிகளில் வரும் வெளியூரார், இதற்கெனவுள்ள தாழ்ந்த கியர் நிலையைப் பயன்படுத்தாது, பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, முந்தலில் சக்கரங்கள் புகைய நிற்பதுண்டாம்.

ஐரோப்பிய ஐக்கியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் தானியங்கிப் பிரேக்கும், சோர்வை எச்சரிக்கும் கருவியும், வேக எல்லையை நினைவூட்டும் கருவியும் இருத்தல் வேண்டுமென்பது சட்டம். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டனர் என்று அரசாங்கக் கணக்குக் கூறுகின்றது. ஆதலால் இங்கும் இக்கருவிகள் பெருகுதல் நன்றே. ஆனால் இம்மலையின் நிலையை நோக்குங்கால் எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. கருவிகள் உள்ளவை, ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காண வருவோரின் கார்கள். ஏதொன்றும் இல்லாதவை, விடியுமுன் புறப்பட்டு ஏலத்தோட்டங்களுக்குக் கூலிகளை நெருக்கி ஏற்றி, மாலையில் அதே வழி இறங்கும் பழைய ஜீப்புகள். 17 வளைவுகளையும் நாள்தோறும் இருமுறை கடக்கும் உயிர்கள் அவற்றில் உள்ளன.

அன்று மாலை இறங்குகையில் அந்தச் சாரதியை மறுபடி முந்தலிற் கண்டோம். கருவிகளுள் ஒன்றை அவருடைய ஜீப்புக்கு இலவசமாகப் பொருத்துவதாயின் எதைக் கேட்பார் என்று வினவினோம். சிறிது யோசித்து, எழுதியுள்ள கணக்குக்குமேல் ஆள் ஏறினால் என்ஜின் கிளம்பாதபடி செய்யும் கருவி உண்டோ என்றார். அத்தகையதொன்றை அமைத்தல் அரிதன்று என்றோம். அவர் பின்னிருக்கைப் பக்கம் திரும்பி நோக்கினார். கூடைகளோடு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தனர். “வேணாம் சார், அப்புறம் மிச்சம் நிக்கிறவங்களுக்கு அன்னைக்குக் கூலி யாரு குடுப்பா?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.