நகரும் வீட்டில் ஒரு தொட்டி

கனடா நாட்டின் வின்னிப்பெக் நகரில் வாழ்ந்த ரே ஒலெக்கோ என்பவர், கண்ணாடி இழையைக் கொண்டு எடை குறைந்த செப்டிக் டாங்க் ஒன்றை உருவாக்கினார். பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இதே பொருளில் இரண்டு பாதிகளை வார்த்து ஒன்றாக இணைத்தால், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு ஒன்றைச் செய்யலாமே! இப்படித்தான் 1968-ஆம் ஆண்டில் 'போலர்' என்னும் டிரெய்லர் வண்டி பிறந்தது. பார்ப்பதற்குப் பவுலர் தொப்பியைப் போல இருந்ததால் அதற்கு அந்தப் பெயர். நீளம் 13 அடி. எடையோ ஏறக்குறைய அரை டன்தான். சிறிய கார் கூட அதை இழுத்துச் சென்றது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் இத்தகைய வண்டிகளிலேயே சமைத்து, உண்டு, உறங்குகின்றன. ஆனால் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். செப்டிக் டாங்கிலிருந்து பிறந்த அந்த முதல் வண்டியில் கழிப்பறை கிடையாது! ஏன் தெரியுமா? காரணத்தை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும்.

தண்ணீரின் எடை

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். இது நீங்கள் அறிந்ததே. 450 கிலோ எடையுள்ள வண்டியில் 75 லிட்டர் நல்ல தண்ணீரையும், 75 லிட்டர் கழிவுநீரையும் ஏற்றுவதாக வைத்துக் கொள்வோம். கூடும் எடை 150 கிலோ. அதாவது, வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு! வண்டியை எடை குறைவாகச் செய்யப் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும் அல்லவா?

அப்படியானால் தொட்டிக்குள் சேர்வது உண்மையில் என்ன? ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் சிறுநீர் சுமார் ஒன்றரை லிட்டர். மலமோ சராசரியாக 130 கிராம் அளவே. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கழுவினால், ஆறு முறைக்கு ஆறு லிட்டர் ஆகிறது. ஆக மொத்தம் ஏழரை கிலோவுக்கும் மேல். இதில் பெரும்பகுதி நாமே ஊற்றிய தண்ணீர்! கழிவைச் சுமக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீரைத்தான் சுமக்கிறோம். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக் கொண்டால், மற்றவை எளிதில் விளங்கும்.

முதல் வழி: நிலையான தொட்டி

பெரிய டிரெய்லர்களில் தரைக்கு அடியில் இரண்டு கழிவுநீர்த் தொட்டிகள் இருக்கும். சமையல் தொட்டி, குளியல் ஆகியவற்றின் நீர் ஒன்றில் சேரும். இதைச் 'சாம்பல் நீர்' என்பார்கள். கழிப்பறை நீர் மற்றொன்றில் சேரும். இது 'கருப்பு நீர்'. கழிப்பறையில் காலால் மிதியை அழுத்தினால் அடைப்பு திறக்கும்; கழிவு புவியீர்ப்பால் கீழே விழும். தொட்டியில் உண்டாகும் வாயுக்கள் ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே சென்றுவிடும். தொட்டி நிறைந்ததும், அதற்கென அமைந்த இடத்துக்கு வண்டியை ஓட்டிச் சென்று, பருத்த குழாயை மாட்டித் திறந்துவிட வேண்டும். முதலில் கருப்பு நீர், அடுத்து சாம்பல் நீர். இந்த வரிசை ஏன்? பின்னால் வரும் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும்.

இங்கே புதியவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. கழிவு தானே வடிந்து போகட்டும் என்று கருப்பு நீரின் அடைப்பைத் திறந்தே வைத்துவிடுவார்கள். நீர் மட்டும் வடிந்துவிடும்; திடப்பொருள் தங்கிக் குவிந்து காய்ந்து இறுகிவிடும். எனவே தொட்டியில் பாதிக்கு மேல் நிறையும் வரை அடைப்பை மூடி வைத்து, பிறகு ஒரே வேகத்தில் திறந்துவிடுவதே முறை. ஆகவே, இந்த வகைக்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும். இலகுவான வண்டிக்கோ தண்ணீர்தான் பகை!

இரண்டாம் வழி: கழற்றும் தொட்டி

ஐரோப்பாவில் பெரிதும் வழங்குவது இந்த வகை. இருக்கைக்கு அடியில் ஏறக்குறைய 18 லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்று இருக்கும். வண்டியின் வெளிப்புறக் கதவைத் திறந்து அதை உருவி எடுத்து, பொதுக் கழிப்பிடத்தில் கொட்டிவிட்டு வரலாம். வண்டியை நகர்த்த வேண்டியதில்லை. நிறைந்தாலும் எடை 20 கிலோ அளவே என்பதால் ஒருவரே தூக்கிவிடலாம். ஆனால் இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கொட்டியாக வேண்டும்.

நாற்றத்தை அடக்க இத்தொட்டிகளில் மருந்து ஊற்றுவார்கள். பார்மால்டிஹைடு கலந்த மருந்து நுண்ணுயிரிகளைக் கொன்று நாற்றத்தைத் தடுக்கும். ஆனால் முகாமிடத்தின் செப்டிக் டாங்கில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிரிகளையும் அது கொன்றுவிடும். எனவே நொதிகளைக் கொண்ட மருந்துகளையே பலரும் விரும்புகின்றனர்.

மூன்றாம் வழி: பிரித்து வைத்தல்

சிறுநீரும் மலமும் கலக்கும்போதுதான் நாற்றம் மிகுகிறது. சிறுநீரில் யூரியா உள்ளது. மலத்தில் உள்ள நுண்ணுயிரிகள் பலவற்றில் யூரியேஸ் என்னும் நொதி இருக்கிறது. இது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை வெளிவிடுகிறது. மூக்கைத் துளைப்பது இந்த அம்மோனியாதான்.

இரண்டையும் முதலிலேயே பிரித்துவிட்டால்? உலர் கழிப்பறையின் தத்துவம் இதுவே. இருக்கையின் முன்பகுதி சிறுநீரை ஒரு குடுவைக்கு அனுப்பும். பின்பகுதியில் மலம் தனி வாளியில் விழும். அதனோடு தென்னை நார்த்தூளைச் சேர்த்துக் கிளறிவிடுவார்கள். தூள் ஈரத்தை உறிஞ்சும். சிறு மின்விசிறி ஒன்று காற்றை வெளியேற்றிக் கொண்டே இருக்கும். வட அமெரிக்காவில் விற்கும் இந்தத் தூளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்வது என்பது நமக்குச் சுவையான செய்தி.

கழுவும் தண்ணீரே இல்லாததால் இருவருக்கு ஒரு நாளைக்குச் சேர்வது சுமார் மூன்றேகால் கிலோ மட்டுமே. ஆனால் சில நாட்களில் மலம் உரமாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். மக்குவதற்குப் பல மாதங்கள் வேண்டும். வாளியில் நடப்பது பெரும்பாலும் உலர்தலே. அதில் நோய்க்கிருமிகள் உயிரோடு இருக்கலாம்.

'தண்ணீரை ஆவியாக்கிவிட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். 25 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிலோ நீரை முழுவதும் ஆவியாக்கச் சுமார் 2,570 கிலோஜூல் வேண்டும். வண்டியில் உள்ள 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பது 4,320 கிலோஜூல். அதை முழுதும் செலவழித்தாலும் 1.7 லிட்டருக்கு மேல் ஆவியாகாது! எரிவாயுவால் சாம்பலாக்கும் கழிப்பறைகள் உள்ளன. ஆனால் அவற்றுக்கு எரிபொருளைச் சுமக்க வேண்டும்.

தொட்டி எங்கே இருக்க வேண்டும்?

எடை எவ்வளவு என்பது மட்டுமன்று, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இழுவை வண்டியின் எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் பொது விதி. இது மிகவும் குறைந்தால், வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் பாம்பைப் போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும்; காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடலாம்.

700 கிலோ வண்டி ஒன்று. கொக்கியில் அழுந்துவது 84 கிலோ, அதாவது 12 சதவீதம். கொக்கிக்கும் சக்கர அச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர். அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் உள்ள தொட்டியில் 75 கிலோ கழிவுநீர் சேர்கிறது. நெம்புகோல் தத்துவப்படி, கொக்கியின் சுமை 75 × 1 ÷ 3 = 25 கிலோ குறையும். மிச்சம் 59 கிலோ. இப்போது வண்டியின் எடை 775 கிலோ. எனவே அழுத்தம் 7.6 சதவீதமாகிவிட்டது! புறப்படும்போது பத்திரமாக இருந்த வண்டி, திரும்பும்போது ஆபத்தானதாக மாறிவிட்டது. யாரும் எதையும் ஏற்றவில்லை. தொட்டி நிறைந்தது, அவ்வளவுதான். இதனால்தான் தொட்டியை அச்சுக்கு அருகில் அமைப்பதும், நெடும்பயணத்துக்கு முன் காலி செய்வதும் நல்லது.

காலி செய்வது என்றால் சாலையோரத்தில் திறந்துவிடுவதன்று. டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் மலத்தின் வழியே நீரில் பரவக்கூடியவை. ஏரிக்கரையில் ஒருவர் கொட்டியது, கீழே உள்ள ஊரின் குடத்துக்கு வந்து சேரும்.

ஆகவே, எது சிறந்த கழிப்பறை என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. வண்டி எவ்வளவு தாங்கும்? தண்ணீர் எங்கே கிடைக்கும்? கழிவை எங்கே கொட்டலாம்? இம்மூன்றும் சேர்ந்துதான் விடையைத் தருகின்றன.

நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்களேன். உங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஒருமுறைக்கு எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை முறை? வீட்டில் எத்தனை பேர்? பெருக்கி வரும் எண்ணைக் கிலோகிராமாக எழுதுங்கள். அந்தச் சுமையை நீங்களே இழுத்துச் செல்ல வேண்டும் என்றால், நாளை எத்தனை லிட்டர் ஊற்றுவீர்கள்?