கதவு திறவாத கணினி

கணினியை இயக்கி, அதன் உறுப்புகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்கிறோம். அவற்றுள் ஒன்றாகிய விண்டோஸ் 10இற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. ஆகவே பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் மேசைக் கணினிகளுக்குப் புதிய முறைமையை இடவேண்டிய தேவை எழுந்தது. வேலை இனிது முடிந்தது என்று எண்ணியிருக்கையில், பயனர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுகிறார். கணினியோ அவரை உள்ளே விட மறுக்கிறது. அவ்வேளையில் செய்யத் தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றே பலருக்குத் தோன்றும். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தும் செயல் அது. பழைய கோப்புகளைக் காத்து மேம்படுத்திய கணினியாயின், அதன் வன்தட்டில் ஒரு மாணவி பல வாரம் உழைத்து ஆக்கிய செயற்றிட்டமும், ஆசிரியர் தொகுத்த புள்ளிப் பட்டியலும் இருக்கக்கூடும். வேறிடத்திற் பிரதி இல்லையேல், அழிந்தது அழிந்ததே. எனவே, அழிக்குமுன் ஆராய வேண்டும்.

ஆராய்ச்சியின் முதற் கேள்வி இது: குற்றம் ஆளிடமா, இயந்திரத்திடமா? ஒரே வலையமைப்பிற் பல கணினிகள் இணைந்திருக்குமிடத்து இதனை அறிதல் எளிது. உள்ளே செல்ல இயலாதவரை அடுத்த கணினியில் முயலச் செய்யுங்கள். அங்கும் மறுக்கப்படின், அவருடைய கணக்கிலோ கடவுச்சொல்லிலோ குறை உண்டு. அங்கு கதவு திறக்குமாயின், முதற் கணினியே நோயாளி. பின்னர் வேறொருவரை அந்த முதற் கணினியில் முயலச் செய்து, முடிவை உறுதிப்படுத்தலாம்.

நோயாளி கணினியே என்று தெரிந்தபின், மூன்று இடங்களை முறையாகப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது விசைப்பலகை. பிரித்தானிய அமைப்புக்கும் அமெரிக்க அமைப்புக்கும் இடையே, மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறியும் இரட்டை மேற்கோட்குறியும் இடம் மாறியிருக்கின்றன. புதிய முறைமையை நிறுவுகையில் தவறான அமைப்பைத் தெரிவுசெய்தால், விரல் சரியான விசையைத் தொட்டும் திரையிற் பிறிதொரு குறி விழும். கடவுச்சொல் புள்ளிகளாகவே தோன்றுவதால் இது கண்ணுக்குப் புலப்படாது. பயனர்பெயர் இடும் கட்டத்தில் ஐயத்துக்குரிய குறியை மாத்திரம் தட்டிப் பார்த்தால் உண்மை வெளியாகும். கடவுச்சொல் முழுவதையும் அங்கே எழுதிப் பிறருக்குக் காட்டிவிடலாகாது.

இரண்டாவது கடிகாரம். வலையமைப்பில் உள்ள விண்டோஸ் கணினிகள் பயனரை அடையாளங் காண்பதற்குக் கேர்பெரோஸ் என்னும் முறையைக் கையாளுகின்றன. கிரேக்கப் புராணத்திற் பாதாள வாயிலைக் காக்கும் நாயின் பெயர் அது. இம்முறையில் ஒவ்வோர் அனுமதிச் சீட்டிலும் நேரம் பொறிக்கப்படும். ஒருவர் சீட்டைப் பிறர் களவாடிப் பின்னொரு வேளையிற் பயன்படுத்தாதிருக்கவே இந்த ஏற்பாடு. கணினியின் நேரமும் சேவையகத்தின் நேரமும், வழமையான எல்லையாகிய 5 நிமிடத்திற்கு மேல் வேறுபடின், கடவுச்சொல் சரியாயினும் அனுமதி மறுக்கப்படலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இலங்கை நேரம் சர்வதேசப் பொதுநேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. நிறுவும்போது நேர வலயத்தைப் பொதுநேரமாகவே விட்டுவிட்டு, பின்பு நமது கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மாத்திரம் திருத்தினால், திரையில் எல்லாம் சரியாகவே தோன்றும். கணினியின் கணக்கோ ஐந்தரை மணிநேரம் பிழைத்து நிற்கும். ஆதலால், வலயத்தை முதலிலும் நேரத்தைப் பின்னரும் திருத்துக. திருத்திய நேரம், மின்சாரத்தை நிறுத்திய ஒவ்வொரு தடவையும் மாறிப்போகுமாயின், உள்ளிருக்கும் நாணயம் போன்ற சிறு மின்கலத்தை மாற்றவேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, கணினியின் சொந்த அடையாளம். மனிதருக்கு இருப்பதுபோலக் கணினிக்கும் சேவையகத்தில் ஒரு கணக்கும், அதற்கொரு இரகசியச் சொல்லும் உண்டு. வழமையாக 30 நாட்களுக்கு ஒருமுறை கணினி அதனைத் தானே மாற்றிக்கொள்ளும். சில மாதங்களுக்கு முன் சேமித்த வன்தட்டுப் பிரதியை மீள இட்டால், கணினி பழைய சொல்லைக் கூறும்; சேவையகம் அதனை ஏற்காது. நம்பிக்கைத் தொடர்பு அறுந்தது என்னும் பொருள்பட ஒரு செய்தி திரையில் வரும். அப்போது அக்கணினிக்கே உரிய நிர்வாகி கணக்கினூடாக நுழைந்து, வலையமைப்புடன் அதனை மீண்டும் இணைத்தால் போதும். ஒரு கணினியிலிருந்து முப்பதுக்குப் பிரதி எடுப்போர், அடையாளங்களை முன்னரே நீக்கும் சிஸ்பிரெப் என்ற கருவியைப் பயன்படுத்தல் அவசியம். ஒரே பிறப்புச் சான்றிதழை முப்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

இத்தொல்லைகளுக்கு அஞ்சி, கடவுச்சொல் கேளாமலே கணினி தானாகத் திறக்கும்படி அமைப்போரும் உளர். பதிவேட்டின் மூலம் அவ்வாறு அமைக்கையில், கடவுச்சொல் மறைப்பின்றி அங்கேயே எழுதப்பட்டிருக்கும். மாணவரின் புள்ளிகள் உள்ள கணினிக்கு இது தகாது.

ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். செய்ததைக் குறித்து வையுங்கள். ஒரு கணினியிற் சரிவந்த பின்னரே மற்றவற்றைத் தொடுங்கள். பொறுமையாகச் செய்த சோதனை, பிள்ளைகளின் உழைப்பைக் காக்கும்.