வைத்த பொருள் வைத்த இடத்தில்!

கிள்ளான் புக்கிட் ராஜா என்றதும் நம் பெரியவர்களுக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அந்த வட்டாரம் இன்று தொழிற்பேட்டை. 2019-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய டொயோட்டா கார்த் தொழிற்சாலையும் அங்கேதான் இருக்கிறது. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் காதில் விழும் சொற்களில் ஒன்று, 'ஐந்து எஸ்'.

அது என்ன? ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த ஓர் ஒழுங்குமுறை. நம் அரசாங்கம் 1982-இல் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தது. 1983-இல் புரோட்டோன் நிறுவனம் அமைந்தது. 1985-இல் முதல் சாகா கார் வெளிவந்தது. அக்காலத்தில் ஜப்பானியரின் வேலைமுறைகள் இங்கே பெரிதும் பேசப்பட்டன. அவற்றுள் ஒன்றுதான் இது.

செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெட்சு, சிட்சுக்கே என்பவை அந்த ஐந்து சொற்கள். பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். பொருள் எளியது.

முதலாவது, வேண்டாததை விலக்குதல். உடைந்த வாளியும் துருப்பிடித்த அரிவாளும் 'என்றைக்காவது உதவும்' என்று மூலையில் கிடந்தால், வேண்டிய பொருள் கண்ணில் படாது. இரண்டாவது, வேண்டியதற்கு ஓர் இடம் வகுத்தல். இருட்டோடு வேலைக்குக் கிளம்பும்போது உளியைத் தேடிக் கொண்டிருக்க முடியுமா? மூன்றாவது, துடைத்துச் சுத்தம் செய்தல். துடைக்கும் கைக்குத்தான் பிடியில் விழுந்த விரிசல் முதலில் தெரியும். நான்காவது, எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றுதல். ஐந்தாவது, யார் சொல்லாவிட்டாலும் நாள்தோறும் கடைப்பிடித்தல்.

"இதெல்லாம் தொழிற்சாலைக்குச் சரி, நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? உயிரைக் காப்பதற்குத்தான்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தோட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் குடித்துவிடக் கூடிய நஞ்சு. அதை முறிக்கும் மருந்து கிடையாது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. மீந்த மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும் பழக்கம்தான் ஆபத்து. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது மருந்து என்று எப்படித் தெரியும்? மருந்து அதன் சொந்தக் கலனில், பெயர்த்தாள் கிழியாமல், பூட்டிய ஸ்டோரில் இருக்க வேண்டும். 'வைத்த பொருள் வைத்த இடத்தில்' என்பதன் முழுப் பொருள் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டப்படும் சுமை அல்ல. பூட்டுள்ள அலமாரியையும் கையுறையையும் கழுவத் தண்ணீரையும் சுத்தம் செய்ய நேரத்தையும் நிர்வாகம் கொடுக்க வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கென 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இல்லாததைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

துரை வருகிறார் என்றதும் ஓடி ஓடிக் கூட்டுவதற்குப் பெயர் ஒழுங்கல்ல, அது கண்துடைப்பு. யாரும் பார்க்காத நாளிலும் உளி அதன் ஆணியில் தொங்கினால், அதுவே ஐந்தாவது படி.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டின் பின்புறத்தை உங்கள் பிள்ளைகள் கண்கொண்டு பாருங்கள். பெயரில்லாத போத்தல் ஒன்று கண்ணில் பட்டால், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். திறந்து மோந்து பார்க்க வேண்டாம். கால்வாயிலும் ஊற்ற வேண்டாம். அப்படியே ஸ்டோர் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். மற்ற வேலைகளை அதன் பிறகு தொடங்கலாம்.